வயற்காட்டு விலங்குகளுக்கும் விலாசம் உண்டு

"ஊருக்குள் நரி புகுந்தது." "குடியிருப்பில் மரநாய்: மக்கள் பீதி." மாதம் ஒரு தடவையாவது இப்படி ஒரு செய்தி கண்ணில் படுகிறது. கூடவே ஒரு படம் இருக்கும். கூண்டுக்குள் ஒரு மரநாய், மூலையில் ஒடுங்கிக்கொண்டு. செய்தியின் கடைசி வரியும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "பிடிபட்ட விலங்கு அடர்ந்த காட்டுக்குள் கொண்டுபோய் விடப்பட்டது." படிக்கிறவர்களுக்கும் அத்தோடு நிம்மதி.

இந்தச் சின்னச் செய்திக்குள் மூன்று தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. அந்த விலங்கு எங்கிருந்தோ வந்தது என்பது முதலாவது. பிடித்துவிட்டால் அந்த இடத்தில் இனி அது இருக்காது என்பது இரண்டாவது. காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது மூன்றாவது. மூன்றும் ஏன் தவறு என்று புரிய, ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். காட்டு விலங்குக்கும் விலாசம் உண்டு. அந்த விலாசம் எப்படி அமைகிறது, அதை அக்கம்பக்கத்துக்கு எப்படி அறிவிக்கிறது, அது காலியானால் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

யானையும் புலியும் சிறுத்தையும் இங்கே வராது. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வரப்பு, கண்மாய்க்கரை, தென்னந்தோப்பு, கரடு, ஓட்டு வீட்டுக் கூரை என்று நம் பக்கத்திலேயே குடியிருக்கும் பாலூட்டிகள்தான் நம் கணக்கு. (உடம்பில் முடி இருந்து, குட்டிக்குப் பால் கொடுத்தால் அது பாலூட்டி. வௌவாலும் அப்படித்தான்.)

## முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நம் ஊர்ப் பெயர்கள் அழகானவை, ஆனால் உறவுமுறையைத் தப்பாகச் சொல்லும். மரநாய் நாய் இல்லை. பூனை, கீரி பக்கத்தில் வரும் ஒரு தனிக் குடும்பம் அது. முள்ளம்பன்றி பன்றி இல்லை. எலி, அணில் போலக் கொறிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் முள் என்பது தடித்து இறுகிய முடிதான், அதை அம்புபோல எறியவும் அதற்குத் தெரியாது. எதிரி நெருங்கினால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பாயும், முள் குத்திக் கழன்றுகொள்ளும். பார்த்தவர் "எறிந்தது" என்று சொல்லிவிடுகிறார்.

முள்ளெலி எலி இல்லை, மூஞ்சூறும் எலி இல்லை. இரண்டும் பூச்சி, புழு தின்னும் ஒரே கூட்டத்துச் சொந்தக்காரர்கள். தென்மாவட்டத்துப் பொட்டல் காடுகளில் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் முள்ளெலி தென்னிந்தியாவில் மட்டுமே இருப்பது. இதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் பழக்கத்தால் எத்தனையோ முள்ளெலிகள் போயிருக்கின்றன. பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறா, பெருச்சாளியா என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

நரியில்தான் பெரிய குழப்பம். நாம் "நரி", "குள்ளநரி" என்று மாற்றி மாற்றிச் சொல்வது இரண்டு வேறு விலங்குகளை. ஒன்று ஒல்லியான நாட்டு நாய் அளவில் இருக்கும், மாலையில் கூட்டாக ஊளையிடும். இன்னொன்று வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரியது, புசுபுசுவென்று நீண்ட வால் கொண்டது. சேலம் பக்கம் இதற்கு வங்காநரி என்று பெயர். வாழப்பாடியைச் சுற்றியுள்ள சில கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்து வந்து, ஊரார் அதன் முகத்தில் விழித்து, பிறகு விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம் என்பதால் வனத்துறை தடுத்து அபராதம் போட்டுவருகிறது. அப்புறம், நரிக்குக் கொம்பு கிடையாது. இரண்டு நரிக்கும் கிடையாது. நரிக்கொம்பு என்று யாராவது விற்றால் அது ஏமாற்று வேலை. இனி வெறுமனே நரி என்று சொன்னால் ஊளையிடும் முதலாவதைத்தான்.

## பால்காரரின் சைக்கிள் போகும் தடம்

ஒரு பால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் கிளம்பி, இந்தத் தெரு, அந்தச் சந்து, மேட்டுத் தெரு முனையில் ஒரு டீ, பிறகு திரும்பி வீடு. ஒரு மாதம் அவர் போகும் இடத்தையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி ஒரு கோடு போட்டுவிடலாம். அந்தக் கோட்டுக்குள் இருப்பது அவருக்குச் சொந்தமான நிலம் இல்லை. அதே தெருவில் தபால்காரரும் வருகிறார், காய்கறி வண்டியும் வருகிறது. ஆனாலும் அவருடைய பிழைப்பு முழுவதும் அந்தக் கோட்டுக்குள்தான்.

ஒரு விலங்கு இரை தேட, தண்ணீர் குடிக்க, படுக்க, குட்டி வளர்க்க வழக்கமாகச் சுற்றிவரும் இப்படிப்பட்ட பகுதிக்குத்தான் நடமாட்டப் பரப்பு என்று பெயர். கழுத்தில் ரேடியோ கருவி கட்டியும், தானாகப் படமெடுக்கும் கேமராக்களை மரத்தில் பொருத்தியும் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். முறை ஒன்றுதான், புள்ளி வைத்துக் கோடு போடுவது.

பரப்பு எவ்வளவு பெரியது என்பது சாப்பாட்டைப் பொறுத்தது. வயலெலிக்குச் சில பாத்திகளே உலகம். நரிக்கு ஒரு சதுர கிலோமீட்டரில் முடியலாம், இருபது வரையிலும் போகலாம். நண்டும் எலியும் பழமும் பக்கத்திலேயே கிடைக்கும் ஆற்றுப்படுகையில் சிறிய வட்டம் போதும். வானம் பார்த்த பூமியில் அதே நரி நடையாய் நடக்க வேண்டும்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. பால்காரருக்கு எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்தச் சந்தில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் தெரியும். வேறொரு ஊரில் கொண்டுபோய் விட்டால் சைக்கிளும் கேனும் இருக்கும், பிழைப்பு இருக்காது. நரிக்கும் அப்படித்தான். எந்த இலந்தை எப்போது பழுக்கும், எந்தக் கிணற்றடியில் கோடையிலும் ஈரம் இருக்கும், எந்தத் தோட்டத்து நாய் கட்டிப்போட்டிருக்கும், எந்தப் புதருக்குள் பகல் முழுவதும் ஆள் வரமாட்டார்கள் என்று வருடக்கணக்கில் கற்று வைத்திருக்கிறது. அந்த அறிவுதான் அதன் முதல்.

எங்கள் பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையில் ஒரு மரநாய் இருந்தது. நாலைந்து நாள் சத்தம் கேட்கும், பிறகு ஒரு வாரம் கேட்காது, மறுபடி கேட்கும். "வந்துட்டான்" என்பார் பாட்டி. அது எங்கும் போய்த் திரும்பி வரவில்லை என்று எனக்குப் புரிந்தது பல வருடம் கழித்துத்தான். மரநாய் ஒரே இடத்தில் தினமும் படுக்காது. தென்னை மண்டை, பொந்துள்ள புளியமரம், ஆளில்லாத வீட்டுப் பரண் என்று பகல் தூக்கத்துக்குப் பல இடங்கள் வைத்திருக்கும். எங்கள் கூரை அவற்றில் ஒன்று. நாங்கள் அதை "வீடு" என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்கு அது ஒரு அறை மட்டுமே.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். விலங்கு வழக்கமாகச் சுற்றும் பகுதி நடமாட்டப் பரப்பு. பலர் சுற்றும் தெருவைப் போல, ஒருவர் பரப்பின் மேல் இன்னொருவர் பரப்பு படிந்திருக்கலாம். நாம் ஒரு நரியைப் பார்த்தோம் என்றால், அதன் தினசரித் தடத்தில் ஒரு புள்ளியில் தற்செயலாக நாம் நின்றிருக்கிறோம்.

## வரப்பு, ஊளை, புனுகு

தெரு எல்லோருக்கும் பொது என்றாலும் வீட்டுக் காம்பவுண்டுக்குள் யாரும் நுழைந்தால் விடமாட்டோம் அல்லவா? நடமாட்டப் பரப்புக்குள்ளும் சில விலங்குகள் ஒரு பகுதியை, சில சமயம் முழுவதையுமே, தன் இனத்து மற்றவர்கள் நுழையாமல் காக்கும். காக்கப்படும் அந்தப் பகுதிக்கு ஆட்சி எல்லை என்று பெயர். எல்லா விலங்குக்கும் இது கிடையாது. நடமாட்டப் பரப்பு எல்லோருக்கும் உண்டு, ஆட்சி எல்லை சிலருக்கு.

எல்லை என்றால் சண்டை வரும். நம் ஊரில் வரப்பை ஒரு சாண் நகர்த்தியதற்கு இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடப்பவர்கள் உண்டு. விலங்குக்கு அந்த வசதி இல்லை. ஒரு கடி சீழ் பிடித்தாலே சாவுதான். ஆகவே சண்டையைத் தவிர்ப்பதற்காக அவை அறிவிப்புப் பலகை வைக்கின்றன. நம்மால் படிக்க முடியாத பலகை, ஏனென்றால் அது வாசனையில் எழுதப்பட்டது. சிறுநீர், எச்சம், உடம்பில் உள்ள சுரப்பிகளின் கசிவு ஆகியவற்றை வேண்டுமென்றே குறிப்பிட்ட இடத்தில் பூசி வைப்பதை மணக்குறி என்கிறோம். தெருநாய் ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று முகர்ந்து, பிறகு காலைத் தூக்குவது இதுதான். முகர்வது படிப்பது, காலைத் தூக்குவது எழுதுவது. யார் வந்தார், ஆணா பெண்ணா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதெல்லாம் அந்த வாசனையில் இருக்கும். காயக் காய மங்குவதால் தேதியும் போட்டதாகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு மணக்குறி உண்டு, ஆனால் அதை அப்படி நினைத்திருக்க மாட்டோம். புனுகு. புனுகுப்பூனை தன் வாலடிச் சுரப்பியிலிருந்து வரும் பசையைக் கட்டையிலும் கல்லிலும் தேய்த்துவிட்டுப் போகும். கூண்டில் அடைத்து, நடுவில் ஒரு கம்பு நட்டு, அது தேய்த்ததை வழித்தெடுப்பதுதான் பழைய முறை. தலைமுறை தலைமுறையாக நாம் வாசனைப் பொருளாகவும் பூசனைப் பொருளாகவும் வைத்திருந்தது, ஒரு சின்ன விலங்கு "இங்கே நான் இருக்கிறேன்" என்று எழுதிய எழுத்து. எனக்கு இது தெரியவந்தபோது கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

நரி இரண்டு விதமாகவும் அறிவிக்கும். பாதையோரக் கல், சிறு மேடு, புல் திட்டு என்று கண்ணில் படும் இடமாகப் பார்த்து எச்சமிடும். மாலையில் ஊளையிடும். ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும் விலங்கு அது, முந்தைய வருடத்துக் குட்டிகளில் ஒன்றிரண்டு கூடவே தங்கிப் புதுக் குட்டிகளை வளர்க்கவும் உதவும். ஒன்று தொடங்க, குடும்பம் முழுவதும் சேர்ந்துகொள்ள, தூரத்தில் இன்னொரு குடும்பம் பதில் கொடுக்கும். நரி ஊளையிட்டால் ஊருக்கு ஆகாது என்பார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் வரப்பின் இரு பக்கமும் நின்று குரல் கொடுத்துக்கொள்வது அது, நம்மைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

பகலிலேயே ஆட்சி எல்லையைப் பார்க்க வேண்டும் என்றால் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக்கோ, கோடியக்கரைக்கோ போக வேண்டும். முறுக்குக் கொம்போடு கறுத்து நிற்கும் வெளிமான் கிடா, ஒரு துண்டுப் புல்வெளியைப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவியலாக்கி வைக்கும். வேறு கிடா வந்தால் தலையை நிமிர்த்தி, கொம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு நடந்து வரும். பெரும்பாலும் அந்த நடையிலேயே தகராறு முடிந்துவிடும்.

## முறைத்தண்ணீர்

ஒரே கிணறு, நாலு பங்காளிகள். எப்படிச் சமாளிக்கிறார்கள்? முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று காலை பெரியவர், மாலை சின்னவர் என்று. தண்ணீர் அதேதான், நேரம் மட்டும் வேறு. ஒரே தோட்டத்தில் ஒரே சாப்பாட்டை நம்பியிருக்கும் விலங்குகளும் இப்படி நேரத்தைப் பிரித்துக்கொள்வதற்கு நேரப் பங்கீடு என்று பெயர். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. எதிரியையும் போட்டியையும் தவிர்த்தவை அதிகம் பிழைத்தன, அவற்றின் வழக்கம் நிலைத்தது.

ஒரு தென்னந்தோப்பை எடுத்துக்கொள்வோம். வெயில் ஏறியதும் கீரி வேலியோரம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். எலி, ஓணான், பாம்பு, முட்டை, வண்டு, விழுந்த பழம் எல்லாம் சாப்பாடு. இருட்டியதும் அதே எலியையும் பழத்தையும் தேடி மரநாய் இறங்கும். பகலில் கொய்யாவைக் கொறித்தது அணில், இரவில் அதே கொய்யாவுக்குப் பழந்தின்னி வௌவால். அந்தி மங்கும்போதும் விடியும்போதும் நரியும் காட்டுப்பூனையும். நள்ளிரவில் கிழங்கைத் தோண்ட முள்ளம்பன்றி, கறையான் புற்றைப் பிளக்க அழுங்கு (உடம்பெல்லாம் செதில் கொண்ட எறும்புத்தின்னி). திண்டுக்கல், கரூர்ப் பக்கம் என்றால் மரக்கிளையில் பூச்சி பிடிக்கத் தேவாங்கும் உண்டு. இந்தத் தேவாங்குக்காகவே அந்த இரண்டு மாவட்டங்களிலும் பரவிய 11,806 ஹெக்டேர் காட்டை 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த விலங்குக்கென்று இந்தியாவில் முதல் சரணாலயம் அது.

(கீரியைச் சொன்னதால் ஒரு வார்த்தை. பாம்போடு சண்டை போட்டுவிட்டுப் பச்சிலை தின்று விஷத்தை முறிக்கும் என்பது கதை. கீரியின் தசையில் நஞ்சு போய் ஒட்டும் இடத்தின் அமைப்பு சற்று மாறியிருப்பதால் நாகத்தின் விஷம் நம்மிடம் வேலை செய்வதுபோல் அதனிடம் செய்யாது. அதோடு வேகமும் சிலிர்த்த முடியும். ஆனாலும் நன்றாகக் கடிபட்டால் கீரியும் சாகும்.)

இந்த முறையில் நாமும் ஒரு பங்காளி. பகல் முறை முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டுவிட்டோம். ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, மனித நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகள் தங்கள் வேலையை இரவுக்குத் தள்ளிப்போடுவதைக் காட்டியது. பாதிக்குப் பாதி பகலில் திரிந்த விலங்கும், ஆள் நடமாட்டம் கூடினால் மூன்றில் இரண்டு பங்கை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது. ராத்திரி திரிவதால் அது திருட்டு விலங்கு என்று நினைக்கிறோம். நம் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று ஒதுங்கிப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

இரவில் டார்ச் அடித்தால் கண் நெருப்பாக மின்னுவதும் பயத்துக்கு ஒரு காரணம். மரநாய், பூனை, நரி, மான், தேவாங்கு எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. கண்ணுக்குள் புகுந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால், குறைந்த ஒளியிலும் ஒரே வெளிச்சம் இரண்டு தடவை பயன்படுகிறது. திரும்பி வெளியேறும் மிச்சம்தான் நமக்குத் தெரியும் மின்னல். பன்றிக்கு இந்தப் படலம் இல்லை. டார்ச்சில் ஒன்றும் மின்னவில்லை என்பதால் தோட்டத்தில் பன்றி இல்லை என்று இறங்கிவிடாதீர்கள்.

ஆக, விலாசத்தில் இரண்டு பகுதி. எங்கே என்பது நடமாட்டப் பரப்பு, எப்போது என்பது நேரப் பங்கீடு. எல்லையைக் காப்பவை மணக்குறியாலும் குரலாலும் அதை அறிவிக்கின்றன.

## காலி வீடு வெகுநாள் காலியாக இருக்காது

இனி அந்தச் செய்திக்குத் திரும்பலாம். மரநாயைப் பிடித்தாயிற்று, வண்டியில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் விட்டாயிற்று. என்ன நடக்கும்?

ஒரு தொழுவத்தில் நாலு மாட்டுக்குத்தான் வைக்கோல் இருக்கிறது என்றால் அங்கே நாலு மாடுதான் நிற்கும். ஐந்தாவது பிறந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அதேபோல, ஒரு நிலப்பகுதி எத்தனை விலங்குகளுக்குச் சாப்பாடும் மறைவிடமும் கொடுக்க முடியுமோ, அந்த எண்ணிக்கைக்குத் தாங்குதிறன் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் பிறக்கும் குட்டிகள் வளர்ந்ததும் தாயின் பரப்பை விட்டுத் தனிக்குடித்தனம் தேடிக் கிளம்பியாக வேண்டும். இடம் கிடைக்காத இளசுகள் சாலையோரமும் கரையோரமும் அலைந்துகொண்டே இருக்கும். வண்டியில் அடிபட்டுக் கிடப்பவற்றில் இவை நிறைய இருக்கும்.

நீங்கள் மரநாயைப் பிடித்துக்கொண்டு போன மறுநாளிலிருந்து அந்தத் தோப்பில் மணக்குறி புதுப்பிக்கப்படவில்லை. பலகையில் எழுத்து மங்குகிறது. அலைந்துகொண்டிருந்த ஓர் இளசு முகர்ந்து பார்க்கிறது. பழமும் எலியும் கூரைப் பொந்தும் அப்படியே இருக்கின்றன. "வீடு வாடகைக்கு" என்று பலகை தொங்கவிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி கூரையில் சத்தம். "திரும்ப வந்துவிட்டது" என்கிறோம். வந்தது வேறொன்று.

பிடித்துப்போன மரநாயின் கதை இன்னும் மோசம். விடப்பட்ட இடத்தில் ஏற்கெனவே அதன் இனத்தார் இருந்தால், ஒவ்வொரு மரத்திலும் "இது என் இடம்" என்று எழுதியிருக்கும். எங்கே தண்ணீர், எங்கே பொந்து, எதற்குப் பயப்பட வேண்டும் என்று எதுவும் தெரியாது. இப்படி இடம் மாற்றிய விலங்குகள் பெரும்பாலும் அங்கே நிலைப்பதில்லை. பழைய இடம் தேடி நடக்கும், வழியில் சாலைகளைக் கடக்கும். தோப்பிலேயே பிறந்து வளர்ந்த விலங்குக்கு அடர்ந்த காடு சொந்த ஊர் ஆகிவிடாது.

அது கிணற்றில் விழுந்தாலோ, அடிபட்டாலோ, வீட்டுக்குள் மாட்டிக்கொண்டாலோ வனத்துறையைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நான் சொல்வது ஒரு தொந்தரவும் இல்லாமல் வரப்போரம் போன விலங்கைத் துரத்திப் பிடிப்பதைப் பற்றி.

## அப்படியானால் இப்போது மட்டும் ஏன் அதிகமாகத் தெரிகின்றன?

நியாயமான கேள்வி. ஒரு பகுதி பதில் நம் கையில் இருக்கும் போனும், தெருவில் இருக்கும் கேமராவும். முன்பு பாட்டி மட்டும் கேட்ட சத்தம் இப்போது வீடியோவாகி ஊர் முழுக்கப் போகிறது. இன்னொரு பகுதி, ஊரின் கடைசித் தெரு போன வருடம்வரை கடலைக்காடாக இருந்தது என்பது. அந்தக் காட்டில் சுற்றிய நரியின் தடத்தின் மேல் நாம் பிளாட் போட்டிருக்கிறோம். அது பழைய வழியில் நடக்கிறது, நாம் "புகுந்துவிட்டது" என்கிறோம்.

உண்மையாகவே பெருகியவையும் உண்டு. காட்டுப்பன்றி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேலம், பன்றிக்குப் பகல் முழுவதும் படுக்க நிழலும் மறைவும் கொடுக்கிறது. பத்தடி தள்ளி நெல், கடலை, மரவள்ளி, சோளம். தொழுவமும் நாமே கட்டி, வைக்கோலும் நாமே போட்டதுபோல. தாங்குதிறன் உயர்ந்துவிட்டது. கருக்காலம் நாலு மாதத்துக்குள் முடிந்துவிடும், ஓர் ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம்.

விவசாயியிடம் போய் "அது அதன் வீடு" என்று பாடம் எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கர் கடலையை இழந்தவருக்கு அது வயிற்றெரிச்சல். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு நடைமுறை வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றிக்கு ஆட்சி எல்லை என்று பெரிதாகக் கிடையாது. தாய்களும் குட்டிகளுமாகக் கூட்டம் கூட்டமாகத் திரியும், பெரிய ஆண் மட்டும் ஒற்றையாக இருக்கும். எனவே மரநாய்போலக் காலி இடத்தை அந்நியன் பிடிப்பதைவிட, மிச்சமிருக்கும் தாய்கள் ஈன்று நிரப்புவதுதான் இங்கே வேகமாக நடக்கும். கண்மாய்க்குள் கருவேலம் அப்படியே நிற்கும்வரை எண்ணிக்கையைக் குறைத்து வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் எடுப்பதுபோலத்தான்.

மரநாய்க்கு இதே தர்க்கம் சுலபமாகப் பொருந்தும். கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். சத்தத்தில் குட்டிகளின் கீச்சுக்குரல் கலந்திருந்தால் அவை வெளியேறும்வரை பொறுங்கள். பிறகு, இரவில் அது வெளியே போனது உறுதியான பின் பொந்தை அடைத்துவிடுங்கள். அதன் பரப்பில் ஓர் அறை பூட்டப்படும், அது வேறு அறைக்குப் போகும். கோழிக்கூட்டை இரவில் நன்றாகத் தாழிட்டால் கீரியும் காட்டுப்பூனையும் எலி பிடிக்கத் திரும்பிவிடும். புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் முயல்குட்டியைப் "பாவம், தாய் விட்டுப்போய்விட்டது" என்று தூக்கி வராதீர்கள். நம் காட்டுமுயல் வளை தோண்டாது. குட்டி கண் திறந்து முடியோடுதான் பிறக்கும், தாய் அதைப் புல்லில் மறைத்துவிட்டுப் பால் கொடுக்க மட்டும் வந்துபோகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நேரமும் நடத்தையும் மாறிய விலங்கிடம் கவனம் தேவை. பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு, ஆளைக் கண்டும் விலகாமல் நேராக வரும் நரிக்கோ கீரிக்கோ வெறிநோய் இருக்கலாம். எந்தக் காட்டுப் பாலூட்டி கடித்தாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் அப்பிக்கொண்டு உட்காரக் கூடாது.

## காலை நடையில் விலாசம் படிப்பது

இவற்றைப் பார்க்க ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை. விடிந்ததும் ஈரம் காய்வதற்குள் ஒரு நடை போனால் போதும், நேற்றிரவு யாருடைய முறை என்று தரையே சொல்லும்.

வரப்போரம் ஏர் ஓட்டியதுபோல மண் புரண்டு கிடந்தால் பன்றி. மண்வெட்டி கொத்தியதுபோலக் குழி சின்னதாக, பக்கத்தில் பாதி தின்ற கிழங்கும் கறுப்பு வெள்ளை முள்ளும் கிடந்தால் முள்ளம்பன்றி. காய்ந்த மாட்டெலும்பில் வரிவரியாகப் பல் தடம் இருந்தாலும் அதன் வேலைதான், சுண்ணாம்புச் சத்துக்காக எலும்பைக் கொறிக்கும். மதில் மேலோ பாறை மேலோ முழு விதைகளாகக் கோத்தாற்போல ஓர் எச்சம் இருந்தால் மரநாய் பழம் தின்றிருக்கிறது. அந்த விதைகளில் சில அங்கேயே முளைக்கும். உருண்டை உருண்டையாகக் காய்ந்த புல் நிறத்தில் புழுக்கை என்றால் முயல். கறையான் புற்றில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பிளந்து கிடந்தால் அழுங்காக இருக்கலாம். அதை ஊரெல்லாம் சொல்லாமல் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள், செதிலுக்காக அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாதையோரத்துக் கல்லின் மேல், முடியும் வண்டின் ஓடும் இலந்தைக் கொட்டையும் கலந்த எச்சம் ஒன்று இருந்தால், கலைக்காமல் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து அதே கல்லைப் பாருங்கள். மேலே புதிதாக ஒன்று இருந்தால் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.